கடைமடைக்காரர் வேண்டாதபோது

அன்புள்ள ஐயா,

என்னோடு பல வருஷம் ஆசிரியையாக இருந்த தோழி எங்கள் பள்ளிக்கே தலைமையாசிரியை ஆகிவிட்டாள். இப்போது எதையும் கலந்து பேசுவதில்லை. அதிகார உணர்வை ஏற்றிவிட்டு, நெற்றியில் ஆங்கில 'ஈ' எழுதச் சொன்னால், எதிரில் இருப்பவருக்கு அது இடவலம் மாறித் தெரியும்படி எழுதுகிறவர்கள் கூடுகிறார்கள், அதாவது பிறர் கோணத்தில் பார்ப்பது குறைகிறது என்ற 2006 ஆய்வைப் படித்தேன். அதிகாரம் வந்தால் ஒத்துழைக்கும் மனசு போய்விடுமா? நான் ஒதுங்கிக்கொள்ளட்டுமா?
கே., குடியாத்தம்

அன்புள்ள கே.,

தோழியைப் பற்றி அதற்குள் முடிவு கட்டாதீர்கள். புதுப் பொறுப்பில் மேலிடத்துக்குப் பதில் சொல்லியே பொழுது போயிருக்கும். நெற்றி ஆய்வை ஓரமாக வையுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது எங்கள் ஊர் ஏரியை நினைத்துக்கொண்டிருந்தேன். காவேரிப்பாக்கம் பக்கம். பெரியப்பா நிலம் தலைமடையில், மதகை ஒட்டி. முதல் தண்ணீர் அவருக்குத்தான். ஆனால் ஆடி பிறந்தால் கடைமடைக்காரர் வீட்டு வாசலில் அவரே போய் நிற்பார்: "வரவுகால்வா தூந்துனு கீது, மம்முட்டி எடுத்துனு வாங்கப்பா." முழங்கால் சேற்றில் நின்று கோரையை வேரோடு இழுக்க ஊரே இறங்க வேண்டும். அதற்காகவே கடைசி வயல் நனையும்வரை தன் மடையை அடைத்து வைப்பார். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். மடை திறக்கும் நீர்க்கட்டியைத் திண்ணையில் உட்காரவிடாத ஊர் அது.

1990-ல் விவசாயிகள் எல்லாருக்கும் இலவச மின்சாரம் வந்தது. பெரியப்பா போர் போட்டார். அதன்பிறகு கடைமடைப் பக்கமே அவர் போகவில்லை. அதே ஆள், அதே நிலம், அதே தலைமடை.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், ராய் கார்ட்னரோடு சேர்ந்து 1993-ல் நேபாளத்து வாய்க்கால்களைப் பற்றி எழுதியதும் இதுதான். கல்லும் மரமும் அடுக்கிய அணை வெள்ளத்தில் போய்விடும். திரும்பக் கட்டக் கடைமடை ஆட்கள் வேண்டும். அதனால் அவர்களுக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. நிரந்தர அணை கட்டிக்கொடுத்த இடங்களில் அந்த வேலை குறைந்தது, கடைமடைக்குப் போகும் தண்ணீரும் குறைந்தது. நல்லெண்ணத்தோடு கட்டிய அணைகள்! படிக்கும்போது வயிறு எரிந்தது.

அதனால்தான் நீங்கள் "ஒதுங்கிக்கொள்ளட்டுமா" என்று கேட்பது எனக்குக் கோபமூட்டுகிறது. நீங்கள் இல்லாமலும் பள்ளி நடக்கும் என்று நீங்களே ஏன் எழுதிக்கொடுக்க வேண்டும்? பத்தாம் வகுப்பு மாலை வகுப்பை யார் எடுக்கிறார்கள்? தேர்வு அட்டவணையை யார் போடுகிறார்கள்? நீங்களும் மற்ற ஆசிரியர்களும்தானே அம்மா? தனியாகப் போய்க் கண்ணீர் விடாதீர்கள். நாலு பேராகப் போங்கள். அடுத்த பருவத்து அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், கலந்து பேசித்தான் போடுவோம் என்று சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.