மறுநாள் விரிசல் விடும் வெல்டிங் குறித்து

வணக்கம் ஐயா. கோத்தகிரித் தேயிலைத் தொழிற்சாலையில், உலர்த்தியின் அடிச்சட்டத்தில் 25 மி.மீ. தகடுகளை இணைத்த வெல்டிங் மறுநாள் காலையில் விரிசல் விட்டதற்கு மலைக்குளிர்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். குளிர் துணைக்காரணமே; வேர் எச்சத்தகைவில், அதாவது வெல்டிங் ஆறிய பிறகும் உலோகத்துக்குள் தங்கிவிடும் இழுப்பில், இருக்கிறது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்க முயல, சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சாதாரண எஃகு, மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 12 மைக்ரான் சுருங்கும். அதை முழுவதும் தடுத்தால், 100 டிகிரி ஆறுவதற்குள்ளேயே இழுதகைவு (குறுக்குவெட்டுப் பரப்பின் ஒவ்வோர் அலகிலும் விழும் இழுவிசை) 240 மெகாபாஸ்கலை எட்டி, அந்த எஃகின் மீட்சி எல்லையை, அதாவது தாண்டினால் பழைய வடிவுக்குத் திரும்பாத அளவை, நெருங்கிவிடும். ஆகவே கணினிக் கணக்கீடு இல்லாதபோது, வெல்டை ஒட்டிய இடத்தில் தகைவு அந்த எல்லையளவு இருப்பதாகக் கொள்வதே பாதுகாப்பான கணிப்பு. தாமதமாக விரிந்ததால் ஹைட்ரஜன் மீதும் எனக்குச் சந்தேகம் உண்டு; ஈரத்திலிருந்து வெல்டுக்குள் புகும் ஹைட்ரஜன், ஆறிய பின் தாமதமாகவே விரிசலை உண்டாக்கும். மூடுபனியில் ஈரம் குடித்த எலக்ட்ரோடை (வெல்டிங் குச்சியை) நம் பட்டறைகளில் உலர்த்துவது அபூர்வம். குறைந்த ஹைட்ரஜன் எலக்ட்ரோடை உலர்த்திக்கொண்டு, தகட்டை முன்கூட்டியே சூடேற்றிய பின் பற்றவைத்து, சாக்கால் மூடி மெதுவாக ஆறவிடுங்கள். சாக்கு கண்ணாடி இழையாலானதாக இருக்கட்டும், சணல் தீப்பிடிக்கும்.