வாசகர் கேள்வி–பதில்: மேடையில் ஓவியம்

கேள்வி: சுரங்கத் தொழிலாளர்கள் ஓவியர்களானதை வைத்து லீ ஹால் எழுதிய 'தி பிட்மென் பெயின்டர்ஸ்' நாடகம் நடந்த கதையா? (திருச்சி வாசகர்)

பதில்: அடிப்படை நடந்ததுதான். இங்கிலாந்தின் வடகிழக்கில் ஆஷிங்டன் என்ற நிலக்கரி ஊர். 1934-ல் ராபர்ட் லயன் அங்கே ஓவிய ரசனை வகுப்பெடுக்க வந்தார். மறுமலர்ச்சிக் காலப் படங்களைக் காட்டினார், எடுபடவில்லை. 'நீங்களே செய்து பாருங்கள்' என்று லினோ (அச்சுப் படத்துக்காகச் செதுக்கும் மெத்தென்ற தரைவிரிப்புப் பலகை) செதுக்கவும் வண்ணம் தீட்டவும் விட்டார். நிஜத்தில் குழு பெரிது; லீ ஹால் ஐந்து பேராகச் சுருக்கிவிட்டார். அதிலும் ஹாரி வில்சன் சுரங்கத்துக்காரரே அல்ல, பல்செட் கட்டுபவர்! 2007-ல் நியூகாசில் லைவ் தியேட்டரில் அரங்கேறி, 2010-ல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்குப் போனது.

கேள்வி: எங்கள் குழு இதைப் போட நினைக்கிறது. படங்களை எப்படிக் காட்டுவது? (மதுரை வாசகர்)

பதில்: முதலில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். ஓவியங்களின் உரிமையைத் தனியாகக் கேளுங்கள்.

இந்த நாடகத்தில் சண்டையெல்லாம் படத்தைப் பற்றித்தான். கடைசி வரிசைக்குப் படம் தெரியாவிட்டால் வசனம் பாதி வீண். நடிகர் கையில் சின்னப் பலகை, பின்னால் திரையில் அதே படம் பெரிதாக: இதுதான் சரியான வழி. நடிகர் பலகையைத் திருப்பிய பிறகே திரையில் படம் வர வேண்டும். முந்தினால் சிரிப்பு போய்விடும். பெரும்பாலும் சொதப்புவது விளக்கில். முன்விளக்கு திரையில் விழுந்தால் படம் வெளிறிப்போகும். திரையை நடிகர்களுக்கு ஐந்தாறு அடி பின்னால் தள்ளி, முகத்துக்கான வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து கொடுங்கள். பலகையில் ஒட்டும் பிரின்ட் பளபளப்பில்லாத 'மேட்' தாளில் இருக்கட்டும். பளபளப்புத் தாள் கண்ணைக் கூசும்.

கேள்வி: அவர்கள் என்ன பெயின்ட் பயன்படுத்தினார்கள்? அட்டையில் தீட்டிப் பார்த்தோம், வளைந்துவிட்டது. (மதுரை வாசகரே)

பதில்: பெரும்பாலும் வால்பாமர் என்ற சுவர் பெயின்ட். நம் ஊரில் டிஸ்டெம்பர் கிட்டத்தட்ட அந்தத் தோற்றத்தைத் தரும். ஒரு பக்கம் மட்டும் பூசினால், காயும்போது அந்தப் பக்கம் சுருங்கி அட்டையை இழுக்கும். ஒரு பங்கு டிஸ்டெம்பருக்கு அரைப் பங்கு தண்ணீர் கலந்து முன்னும் பின்னும் ஒரு கை பூசுங்கள். நான்கு மணி நேரம் காயவிட்டுத் தீட்டுங்கள். ஹார்டுபோர்டு என்றால் வழவழப்பான பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால்தான் பெயின்ட் பிடிக்கும். டிஸ்டெம்பர் காய்ந்ததும் நிறம் மாறும். கரித்தூசிக் கறுப்பைத் தனி அட்டையில் பூசி, காய்ந்த பிறகு விளக்கடியில் பாருங்கள்.