ஃபேர்னஸை மாற்றுமுன் அற்றிக்கைப் பாருங்கள்

தம்பி, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1960களில் கட்டிய வீடொன்றை வாங்கியிருப்பதாகவும், முதற் பனிக்காலத்து எரிவாயுக் கட்டணம் மலைக்க வைத்ததாகவும் எழுதி, வீட்டைச் சூடாக்கும் பழைய எரிவாயு ஃபேர்னஸைக் கழற்றிவிட்டு, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுக்கும் ஹீற் பம்ப் போடலாமா, எந்த நிறுவனத்தினது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுவனப் பெயரில் பெரிய வித்தியாசம் இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கும் சூடு வீட்டுக்குள் தங்குகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

சூடான காற்று மேலெழுந்து, கூரைக்குக் கீழுள்ள அற்றிக் வழியாக வெளியேற, அதற்கு ஈடாகக் குளிர்காற்று நிலக்கீழ் பேஸ்மென்ற் இடுக்குகளால் உள்ளே வருகிறது. அத்திவாரச் சுவரும் மரத்தளமும் சேரும் விளிம்பில் கையை வைத்தால் அது உங்களுக்கே தெரியும். ஆகவே முதலில் அற்றிக்கில் விளக்குக் குழிகள், கம்பிகள், குழாய்கள் ஏறும் துவாரங்களை அடைத்துவிட்டு, பிறகு சூட்டைத் தடுத்து வைக்கும் இன்சுலேஷனைத் தடிப்பாகப் போடுங்கள். கூரையோரக் காற்றுவழிகளை மட்டும் மூடிவிடாதீர்கள். மூடினால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். இதே வேலை கோடையிலும் மேலறைகளின் வெக்கையைக் குறைக்கும். மானியத் திட்டங்கள் சில, வேலை தொடங்குமுன்னரே வீட்டின் எரிசக்தி மதிப்பீட்டாளர் வந்து பார்த்திருக்க வேண்டும் என்று கேட்பதால், அவரை முதலில் கூப்பிடுவதே முறை.

ஹீற் பம்ப் நல்ல இயந்திரந்தான். குளிர்நாடுகளுக்கென்று செய்யப்பட்டவை ரொறன்ரோப் பனிக்குத் தாக்குப் பிடிக்கும், கோடையில் குளிரூட்டியாகவும் வேலை செய்யும். ஆனால் வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடாமல் அளவு சொல்லுபவரை நம்பாதீர்கள். நம்மவர்களில் பலர் பெரிய இயந்திரத்தைப் பெருமையாக நினைக்கிறார்கள். அளவுக்கு மிஞ்சியது அடிக்கடி நின்று நின்று ஓடித் தேய்வதுடன் அறைகளைச் சீராகவும் சூடாக்காது.

எனக்கு உண்மையிலேயே கோபம் மூட்டுவது இந்த இயந்திரங்களை வாடகைக்குத் தரும் ஒப்பந்தங்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டி ஃபேர்னஸ், குளிரூட்டி போன்றவற்றை விற்பதை ஒன்ராறியோ மாகாணம் 2018 மார்ச்சிலிருந்து தடைசெய்திருந்தும், “இலவசப் பரிசோதனை” என்று தொலைபேசியில் அழைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழில் அன்பாகப் பேசி, ஊரை விசாரித்து, தேநீர் குடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போனவர்களால், பல வருட வாடகையில் சிக்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். வீட்டை விற்கப் போனபோதுதான் காணிப் பதிவில் தங்கள் வீட்டின்மேல் வாடகை நிறுவனத்தின் உரிமைக் குறிப்பு ஏறியிருப்பதை அவர்கள் அறிந்தார்கள். அப்படிப் புதிதாகப் பதிவதை 2024இல் மாகாண அரசு நிறுத்தியது. ஆனால் ஒப்பந்தத்தில் நீங்கள் வைத்த கையெழுத்து கையெழுத்துத்தான். வீட்டில் வைத்துக் கையொப்பமிட்டிருந்தால், அதன் பிரதி கைக்குக் கிடைத்த 10 நாட்களுக்குள் எழுத்தில் ரத்துச் செய்யலாம்.

எண்பதுகளின் இறுதியில் நான் வந்து சேர்ந்த பேஸ்மென்ற் அறையில், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாற் மேலே வீட்டுக்காரரின் கையில் இருந்தது. நாங்கள் மேற்சட்டையோடுதான் தூங்கினோம். பக்கத்து வீட்டு இத்தாலிய முதியவர் ஒருவர் யன்னல் இடுக்குகளை அடைக்கக் கற்றுத்தந்தார். பின்னர் சொந்த வீடு வாங்கியதும், காற்று பலமாக அடிக்கும் நாளில் சாமித் தட்டிலிருந்த ஊதுபத்தியைக் கொளுத்தி யன்னல் சட்டங்களோரம் பிடித்து, புகை கலைந்த இடங்களையெல்லாம் குறித்துவைத்து அடைத்தேன். திரைச்சீலைகளை அகற்றிவிட்டு நீங்களும் இந்த வார இறுதியில் இதைச் செய்து பாருங்கள். இடுக்கடைக்கும் பசைக்குழாய் சில டொலர்களுக்கே கிடைக்கும்.