சந்தன எண்ணெய் பூசிய கன்னம் ஏன் கறுத்தது?

கேள்வி: எனக்கு வயது 36. பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் மங்கு வந்தது. ஆன்லைனில் ‘சுத்தமான சந்தன எண்ணெய்’ என்று 10 மி.லி. பாட்டிலை 249 ரூபாய்க்கு வாங்கி, மூன்று மாதமாகத் தினமும் இரவில் நேரடியாகப் பூசினேன். முதலில் லேசாக அரித்தது. இப்போது இரண்டு கன்னமும் நெற்றியும் சாம்பல் கலந்த கறுப்பாகிவிட்டன. சர்க்கரை நோய் உள்ள என் மாமியாருக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல் இருக்கிறது. இதே எண்ணெயில் இரண்டு சொட்டைப் பாலில் கலந்து குடிக்கலாம் என்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, வாணியம்பாடி)

பதில்: முதலில் உங்கள் மாமியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணெயை ஒரு சொட்டுகூட அவர் குடிக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீர் எரிச்சல் என்றால் நாளைக்கே யூரின் பரிசோதனையும், எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சரும் செய்துவிடுங்கள். குளிர் காய்ச்சலோ, விலாப்பக்க வலியோ, வாந்தியோ சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம்.

அவர் சொல்வது கற்பனை இல்லை. பென்சிலின் வருவதற்கு முன்பு, சிறுநீர் எரிச்சலைத் தரும் பால்வினை நோயான வெட்டைக்கு (கொனோரியா) ஐரோப்பிய மருத்துவர்களே சந்தன எண்ணெயைக் கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுத்தார்கள். ஆனால் அதுவே வயிற்றையும் சிறுநீரகத்தையும் உறுத்தியது. ஆன்டிபயாட்டிக் வந்ததும் அந்தப் பழக்கம் நின்றுபோனது.

இனி உங்கள் முகம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இப்போதைய கருமை பழைய மங்கு மட்டுமில்லை என்றே நினைக்கிறேன். மங்கு அரிக்காது. அது பழுப்பாக இருக்கும். லேசான அரிப்பில் தொடங்கி, சாம்பல் நிறத்தில் நெற்றி வரை பரவுவது வாசனைப் பொருள்களால் வரும் ஒவ்வாமையின் போக்கு. சிவந்து கொப்புளிக்கும் வழக்கமான அலர்ஜி என்றால் இரண்டே நாளில் நிறுத்தியிருப்பீர்கள். இது அப்படிக் காட்டிக்கொடுக்காது. தோலின் மேலடுக்கில் உள்ள நிறமி கீழடுக்குக்குள் மெல்ல இறங்கித் தங்கிவிடும். 1970களில் ஜப்பானில் முகப்பூச்சுகளால் இப்படிக் கறுத்த பெண்களை ஆராய்ந்தபோது, காரணமாகப் பிடிபட்ட பொருள்களில் மல்லிகைச் சாறோடு சந்தன எண்ணெயும் இருந்தது.

‘காலங்காலமாகச் சந்தனம் பூசுகிறோமே’ என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் பாட்டி காலத்துச் சந்தனக்கல் இருக்கிறது. கட்டையைத் தண்ணீர் விட்டு இழைத்தால் வருவது பெரும்பாலும் மரத்தூள்தான். அதில் எண்ணெய் கொஞ்சமே. சந்தன மரத்தின் வைரத்திலேயே, அதாவது முற்றிய நடுக்கட்டையிலேயே, எண்ணெய் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அதை நீராவியில் வடித்து எடுத்த முழுச்சாறுதான் எண்ணெய். நெற்றிப் பொட்டை நம்பி அதை அப்படியே முகத்தில் பூசுவது கஷாயத்துக்குப் போடும் மிளகை ஆழாக்குக் கணக்கில் மெல்லுவது போன்றது. இழைத்த சந்தனமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது வேறு விஷயம்.

அதோடு அந்த பாட்டிலில் இருப்பது சந்தனம்தானா? ஜவ்வாது மலையின் மடியில் இருக்கும் உங்களுக்கு இந்த மரத்தின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் வேறு செடிகளின் வேரை உறிஞ்சி வளரும் மரம் இது. நன்றாக வைரம் பாயவே இருபது, முப்பது வருடம் ஆகும். அதன் எண்ணெய் கிலோ லட்ச ரூபாய்க்கு மேல் போகிறது. குறைந்தபட்சமாக லட்சம் என்றே வைத்தாலும் 10 மி.லி. எண்ணெயின் விலை மட்டும் ஆயிரத்தை ஒட்டி வரும். 249 ரூபாய்க்கு யார் தர முடியும்? செயற்கை வாசனையும் கரைப்பானும்தான் பெரும்பகுதி இருக்கும். உங்கள் தோல் எதை எதிர்க்கிறது என்பதே அதனால் குழப்பமாகிவிடுகிறது.

எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். வாசனை சோப்பு, ஃபேஸ் க்ரீம், பவுடர், மஞ்சள் பூச்சு எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துங்கள். வாசனை இல்லாத மென்மையான க்ளென்சரும், அயர்ன் ஆக்ஸைடு கலந்த வாசனையற்ற சன்ஸ்கிரீனும் போதும். மெடிக்கல் ஷாப்பில் ‘முகம் வெளுக்க’ என்று எடுத்துத் தரும் க்ரீமை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பூசும்வரை பளிச்சென்று இருக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், பருவும் முளைக்கும். அப்படி அழுதுகொண்டு வருபவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன், மனம் பொறுக்கவில்லை.

கருமை குறையப் பல மாதங்கள் ஆகும், ஒரு வருடத்தையும் தாண்டலாம். காரணத்தை நிறுத்திவிட்டாலே பெரும்பாலும் மெல்ல வெளுக்கும். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் சிறு பட்டைகளாக ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு இன்னொரு முறையும் பார்ப்பார்கள். அந்த பாட்டிலைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள். அதையே நீர்க்கச் செய்து முதுகில் வைத்துச் சோதிக்க முடியும்.