பட்ஸுக்கு அப்டேட், கேஸுக்கு சார்ஜ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இயர்பட்ஸ் ஆப்பைத் திறந்தாலே 'புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறது' என்று நச்சரிக்கிறது. நன்றாகத்தானே பாடுகிறது, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பி அப்டேட் செய்யப்போய் அவனுக்கு ஒரு பக்கம் ஊமையாகிவிட்டதாம். செய்யலாமா, வேண்டாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: செய்யுங்கள். பாட்டு ஒழுங்காகக் கேட்கிறது என்பதால் எல்லாம் சரி என்று அர்த்தம் இல்லை, ஏனென்றால் அதற்குள் ஒரு மைக்கும், ப்ளூடூத் சிப்பும், அதை ஓட்டும் மென்பொருளும் (ஃபர்ம்வேர் என்பது அதுதான்) இருக்கின்றன. 2025 ஜூனில் ஜெர்மனியின் ஈஆர்என்டபிள்யூ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தைவானின் ஐரோஹா சிப்புகளில் ஓட்டைகள் இருப்பதை வெளியிட்டார்கள். சோனி, போஸ், ஜேபிஎல், மார்ஷல், ஜாப்ரா என்று பெரிய பெயர்களின் சில மாடல்களிலும் அந்தச் சிப்புதான். ப்ளூடூத் எட்டும் தூரத்தில் இருக்கும் ஒருவர் பேரிங் செய்யாமலே உள்ளே நுழையலாம் என்ற அளவுக்கு ஓட்டை. அதற்கு முந்தைய ஆண்டு ஏர்பாட்ஸிலும் ஒன்று கிளம்பியது: பட்ஸ் பழைய போனைத் தேடிக்கொண்டிருக்கும்போது வேறொருவர் 'நான்தான் அந்த போன்' என்று ஏமாற்றி இணைந்துவிடலாம். ஆப்பிள் அதை ஃபர்ம்வேர் வழியாகத்தான் அடைத்தது. இந்த மாதிரி ஓட்டைக்கு வேறு மருந்து கிடையாது. உங்கள் பேச்சை ஒட்டுக்கேட்க யாரும் பெரம்பூரில் காத்திருக்கவில்லை, அது சரி, ஆனாலும் காசில்லாமல் கிடைப்பதை எதற்கு விடுவது?

இப்போது அந்தத் தம்பி விஷயம். இரண்டு பட்ஸுக்கும் புது மென்பொருள் போய்ச் சேர வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் இடது புதுசு, வலது பழசு என்று நின்றுவிடும், அப்புறம் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. பெரும்பாலும் அது நிரந்தர ஊமை இல்லை. இரண்டையும் கேஸில் வைத்து மூடி, கொஞ்ச நேரம் சார்ஜ் ஏறவிட்டு, மறுபடி ஆப்பைத் திறந்து அப்டேட்டை ஓட்டச் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்துவிட்டு போனில் பழைய பேரிங்கை அழித்துப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

நீங்கள் செய்யும்போது பட்ஸ், கேஸ், போன் மூன்றிலும் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். லேப்டாப்போடும் சேர்ந்திருந்தால் அதைத் துண்டித்துவிடுங்கள். போனில் பேட்டரி சேவர் ஓடினால் அது ஆப்பை நடுவழியில் தூங்க வைத்துவிடும், அதனால் அதை அணைத்துவிட்டு, முடியும்வரை ஆப்பைத் திரையிலேயே வைத்திருங்கள். போனும் பட்ஸும் ஒரே மேஜையில் இருக்கட்டும், பாட்டு வேண்டாம், அழைப்பு வந்தாலும் எடுக்க வேண்டாம். நாலைந்து எம்பிதானே, ஒரு நிமிஷத்தில் முடியாதா என்று தோன்றும். முடியாது. ப்ளூடூத்தில் அது மெதுவாகத்தான் இறங்கும், கால் மணி நேரம், சில மாடல்களில் அரை மணி கூட ஆகும். அதனால்தான் காலை ஒன்பது மணிக்கு பீச்-தாம்பரம் ரயிலில் நின்றுகொண்டு இதை ஆரம்பிக்கக் கூடாது, பெட்டி முழுக்க எல்லோருடைய ப்ளூடூத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் முட்டிமோதிக்கொண்டிருக்கும்.

மூடி திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்பது பிராண்டுக்கு பிராண்ட் மாறும், ஆப் திரையில் சொல்வதை மட்டும் கேளுங்கள். ஏர்பாட்ஸுக்கோ அப்டேட் பட்டனே கிடையாது. பட்ஸைக் கேஸில் வைத்து மூடி, கேஸை சார்ஜரில் செருகி, வைஃபையில் இருக்கும் ஐபோனைப் பக்கத்தில் வைத்து அரை மணி நேரமாவது காத்திருங்கள் என்பதுதான் ஆப்பிள் சொல்லும் வழி. நம் இஷ்டத்துக்கு நடக்காத விஷயம், பொறுமைதான் வேண்டும்.

கேள்வி: லேப்டாப்போடு வந்த 65 வாட் டைப்-சி சார்ஜரில் பட்ஸ் கேஸைப் போட்டால் விளக்கே எரியவில்லை. பழைய போன் சார்ஜரில் போட்டால் ஏறுகிறது. கேஸ் கெட்டுவிட்டதா? 65 வாட்டில் போட்டதால் உள்ளே ஏதாவது எரிந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகர், வேளச்சேரி

பதில்: எரியவில்லை, பயப்படாதீர்கள். கேஸும் கெடவில்லை, அதைச் செய்தவர் கஞ்சத்தனம் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில், எதிர்ப்பக்கம் ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சார்ஜர் மின்சாரத்தையே விடும். அதைத் தெரியப்படுத்த கேஸுக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும். சில பைசா சமாச்சாரம். மலிவான கேஸ்கள் சிலவற்றில் அதையும் விட்டுவிடுகிறார்கள், உடனே லேப்டாப் சார்ஜர் 'எதிரே யாரும் இல்லை' என்று சும்மா இருந்துவிடும். பழைய சார்ஜரில் இருக்கும் அகலமான யூஎஸ்பி-ஏ துளை அப்படி எதுவும் கேட்காது, எப்போதும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் ஏறுகிறது. யூஎஸ்பி-ஏவிலிருந்து டைப்-சிக்குப் போகும் சாதாரண கேபிள் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

வாட் பயத்தைப் பற்றி: புழல் ஏரி நிரம்பி வழிந்தாலும் நம் வீட்டுக் குழாயைத் திறந்த அளவுக்குத்தான் தண்ணீர் வரும். 65 வாட் என்பது சார்ஜரால் முடிந்த உச்சம். கருவி பேசிக் கேட்டால் ஒழிய அது 5 வோல்ட்டைத் தாண்டாது, கேஸும் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். பெயரே இல்லாத சார்ஜர்தான் எனக்குப் பயம், வாட் குறைவாக இருந்தாலும்கூட. சார்ஜரின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று வந்துவிடும். ரிச்சி ஸ்ட்ரீட் கடை வாசலில் நின்றபடியே செய்யலாம், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

கேள்வி: ராத்திரி முழுக்க சார்ஜில் விடலாமா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: நிறைந்ததும் உள்ளே இருக்கும் சுற்று தானாக நிறுத்திவிடும், வெடிக்காது. ஆனால் தலையணைக்கு அடியில் வேண்டாம். தினமும் நூறு சதவீதத்திலேயே வைத்திருப்பது பேட்டரியைச் சீக்கிரம் கிழடாக்கும். அதைவிட மோசம் சூடு. பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. 2003 மே கடைசியில் சென்னைக் காற்றே 45 டிகிரியைத் தொட்டது. வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் டிக்கிக்குள்ளும் காரின் டேஷ்போர்டிலும் சாதாரண மே மாதத்திலேயே அதைத் தாண்டும். அங்கேயிருந்து எடுத்த கேஸைக் கையில் தொட்டால் சுடுகிறது என்றால், ஆறும்வரை சார்ஜரில் செருகாதீர்கள். பட்ஸ் ஒன்றின் பேட்டரி சுமார் 50 எம்ஏஎச்தான், போனின் நூறில் ஒரு பங்கு. அவ்வளவு சின்னதில் கொஞ்சம் தேய்ந்தாலும் உடனே தெரியும்.

கேள்வி: பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் ஓடுவேன். பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தது. இப்போது வலது பட் மட்டும் சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது. வாட்டர்ப்ரூஃப் என்றுதானே சொன்னார்கள்?
- வாசகி, அடையாறு

பதில்: ஐபிஎக்ஸ்4 என்றால் தண்ணீர் தெறித்தால் தாங்கும், அவ்வளவுதான். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்குவது ஐபிஎக்ஸ்7. அதுவும் பல மாடல்களில் பட்ஸுக்கு மட்டும்தான் பொருந்தும், கேஸுக்கு அல்ல. ஓடி முடித்ததும் வியர்வையோடு அப்படியே கேஸில் போட்டு மூடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். உப்புத் தண்ணீர் ஒட்டிய உலோகப் புள்ளியில் சார்ஜ் மின்சாரம் ஓடினால் அரிப்பு வேகமாகப் பிடிக்கும், பச்சையாகவோ கறுப்பாகவோ படியும். கூடவே கடற்காற்றும் காது அழுக்கும்.

கேஸுக்குள் இருக்கும் இரண்டு சின்னப் பின்களையும் பட்ஸின் அடியில் இருக்கும் புள்ளிகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஓரிரு சொட்டு மட்டும் தொட்டு லேசாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் வைத்துப் பாருங்கள். ஊக்கு, சேஃப்டி பின் எல்லாம் வேண்டாம், அந்தப் பின்கள் ஸ்ப்ரிங்கில் நிற்பவை, வளைந்தால் கதை முடிந்தது. அரிசி டப்பாவுக்குள் புதைக்கவும் வேண்டாம், ஐபோன் நனைந்தால்கூட அப்படிச் செய்யாதீர்கள் என்று ஆப்பிளே சொல்கிறது. அரிசித் தூசு உள்ளே போவதுதான் மிச்சம். இனிமேல் துடைத்து, ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு கேஸில் போடுங்கள். டிசம்பர் மழையிலும் அதே.

கேள்வி: பழைய கேஸின் மூடி சரியாக மூட மாட்டேன் என்கிறது, அடிப்பக்கம் லேசாக உப்பியிருக்கிறது. இன்னும் வேலை செய்கிறது. கொஞ்ச நாள் ஓட்டலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: ஒரு நாள்கூட வேண்டாம். உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், திறந்து பார்க்கிறேன் என்று ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே எடுக்காதீர்கள், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். வீட்டுக் குப்பையோடு போடவும் கூடாது, குப்பை லாரியில் நசுங்கினால் அங்கேயும் அதே ஆபத்துதான். எரியக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, வீங்கியிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ பதிவு பெற்ற மின்கழிவு மையத்திலோ கொடுங்கள்.

கேள்வி: பிராண்டே இல்லாத என் பட்ஸுக்கு ஆப் கிடையாது. நெட்டில் ஒருவர் ஃபர்ம்வேர் ஃபைல் போட்டிருக்கிறார், பேஸ் (பாட்டின் கனமான அடிச்சத்தம்) கூடும் என்கிறார். ஏற்றலாமா?
- வாசகர், கொளத்தூர்

பதில்: பேஸ் கூடாது, பட்ஸ் போகும். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கேஸுக்குள் வேறு வேறு சிப் இருக்கும், தவறான ஃபைலை ஏற்றினால் திருப்பி எடுக்க வழியில்லாமல் போகலாம். பேஸ்தான் வேண்டும் என்றால் காதுக்குச் சரியான அளவு ரப்பர் டிப்பை மாட்டிப் பாருங்கள், போனின் ஈக்வலைஸரையும் கொஞ்சம் திருகுங்கள்.