ஒரே பிரிண்டில் நான்கு ஒலித்தடங்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் பள்ளி நாட்களில் சேர்த்த 35 எம்.எம். ஃபிலிம் துண்டுகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கிடைத்தன. பெரும்பாலும் தொண்ணூறுகளின் ஆங்கிலப் படங்கள். சிலவற்றில் இரண்டு ஓரமும் நீலமாக இருக்கிறது. துளைகளுக்கு நடுவே சாம்பல் கட்டங்கள், படத்தை ஒட்டி விட்டுவிட்டு ஓடும் ஒரு கோடு. டால்பி, டி.டி.எஸ். என்றெல்லாம் சொன்னார்களே, அவை இவைதானா? ஒரே பிரிண்டில் ஏன் இத்தனை? எது உண்மையில் உசத்தி? நம் பக்கம் டி.டி.எஸ். போர்டு மட்டுமே அதிகம் கண்ணில் பட்டது ஏன்? சில இடங்களில் திடீரென்று சத்தம் அமுங்கிப்போகுமே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கே., கரூர்

அன்புள்ள கே.,

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கைபேசித் திரையை வெள்ளையாக்கி, அதன்மேல் துண்டை வைத்துப் பாருங்கள். படத்துக்கு ஒரு பக்கத்தில் அலையலையாக இரண்டு கோடுகள் ஓடும். அது அனலாக் தடம், டிஜிட்டலுக்கு முந்தைய முறை. இடது, நடு, வலது, சரவுண்ட் (பார்வையாளரைச் சுற்றிவரும் ஒலி) என்ற நான்கு சேனல்களை அந்த இரண்டு கோடுகளுக்குள் மடித்து வைத்திருப்பார்கள். அதே பக்கத்துத் துளைகளுக்கு இடையில் உள்ள சதுரங்கள் டால்பி டிஜிட்டல். ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் டால்பியின் இரட்டை டி முத்திரை இருக்கும், தேடிப் பாருங்கள். அலைக்கோட்டுக்கும் படத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய விட்டுவிட்ட கோடு டி.டி.எஸ். துளைகளுக்கு வெளியே, ஃபிலிமின் இரு விளிம்பிலும் தெரியும் நீலம் சோனியின் எஸ்.டி.டி.எஸ். துண்டில் நீலம் இருப்பதால் அந்தத் தியேட்டரில் எஸ்.டி.டி.எஸ். ஒலித்தது என்று ஆகிவிடாது. எந்தத் தியேட்டருக்குப் போனாலும் ஓடட்டும் என்று எல்லாத் தடங்களையும் ஒரே பிரிண்டில் அச்சிட்டார்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனிப் பெட்டி அனுப்ப வேண்டியிருக்கும்.

அனலாக் தடத்தை ஏன் விட்டுவைத்தார்கள் என்பதற்கு ஒரு கசப்பான முன்கதை உண்டு. கோடாக்கும் ஆப்டிகல் ரேடியேஷன் கார்ப்பரேஷனும் சேர்ந்து 1990-இல் சினிமா டிஜிட்டல் சவுண்ட் என்ற முறையைக் கொண்டுவந்தன. முதல் படம் 'டிக் ட்ரேசி'. அதில் டிஜிட்டல் தடம் அனலாக் தடத்தின் இடத்திலேயே உட்கார்ந்தது. டிஜிட்டல் படிக்காமல் போனால் பின்னால் தாங்க எதுவும் இல்லை, அரங்கில் மௌனம்தான். அந்த முறை சீக்கிரமே மறைந்தது. பிறகு வந்த மூவரும் அனலாக் தடத்தைத் தொடவில்லை. டால்பி டிஜிட்டல் 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு வந்தது. மறு வருடம் ஜூன் மாதத்தில் 'ஜுராசிக் பார்க்' டி.டி.எஸ்.ஸையும் 'லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ' எஸ்.டி.டி.எஸ்.ஸையும் கொண்டுவந்தன.

டால்பியின் கணக்கு எனக்கு எப்போதும் வியப்பு. ஒரு ஃப்ரேமுக்கு 4 துளை, வினாடிக்கு 24 ஃப்ரேம், ஆக 96 சதுரங்கள். ஒரு சதுரத்தில் 76-க்கு 76 புள்ளி. பெருக்கினால் வினாடிக்கு ஐந்தரை லட்சம் புள்ளிகள் வரும். அதில் ஒலிக்குப் போவது 320 கிலோபிட். மீதி பிழைதிருத்தத்துக்கும் சதுரத்தின் இடத்தை அடையாளம் காணவும். 5.1 சேனல் ஒலியை, அதாவது ஐந்து முழுச் சேனலையும் ஒரு சப்-வூஃபர் சேனலையும், சுமார் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால்தான் அந்த இடத்தில் அடங்கும்.

டி.டி.எஸ். வேறு வழியில் போனது. ஃபிலிமில் இருப்பது ஒலியே அல்ல, நேரக்குறி மட்டும்தான். ஒலி சி.டி.-ராம் தட்டில் தனியாக வரும். 'இது இன்ன படம், இத்தனாவது ரீல், இந்த இடம்' என்று அந்தக் கோடு வினாடிக்கு 30 முறை சொல்லிக்கொண்டே இருக்கும். சுருக்கம் நான்கில் ஒரு பங்குதான், வினாடிக்கு 882 கிலோபிட். ஒரு தட்டு சுமார் 100 நிமிடம் தாங்கும், நீளமான படத்துக்கு இரண்டு தட்டு. 1926-இன் வைட்டாஃபோனும் தட்டில் ஒலி வைத்த முறைதான். அதில் ஃபிலிம் அறுந்து நாலு ஃப்ரேம் போனால் உதடும் குரலும் பிரிந்துவிடும். டி.டி.எஸ்.ஸில் அந்தச் சிக்கல் இல்லை. ஒட்டுப்போட்ட இடத்தில் நேரக்குறி தாவும், கருவியும் தட்டில் அதே இடத்துக்குத் தாவிவிடும். குறியே சற்று அழிந்திருந்தாலும் சில வினாடிகள் தன்போக்கில் ஓட்டிச் சமாளிக்கும். அதன் பலவீனம் தட்டுதான். பெட்டியில் தட்டு வராவிட்டாலோ கீறல் விழுந்தாலோ டிஜிட்டல் கிடையாது.

சோனியின் முறையில் 8 சேனல். திரைக்குப் பின்னால் மட்டும் 5. அகலத் திரையில் ஒரு கார் இடமிருந்து வலம் போகும்போது ஒலி நடுவில் ஓட்டை விழாமல் நகரும். ஆனால் தகவலை வைத்த இடம் மோசம். ஓடும்போதும் சுற்றும்போதும் முதலில் தேய்வது விளிம்புதான். அது தெரிந்துதான் ஒரு விளிம்பின் தகவலை மறு விளிம்பில் 17.8 ஃப்ரேம் தள்ளித் திரும்பவும் எழுதினார்கள். முழு 8 சேனலுக்கும் கலவை செய்த படங்கள் குறைவு. கருவியின் விலையும் அதிகம்.

இனி சத்தம் அமுங்கிப்போவது. டிஜிட்டலைப் படிக்க முடியாத கணத்தில் கருவி தானாக அனலாக்குக்கு மாறும். சரவுண்ட் ஒற்றைச் சேனலாகச் சுருங்கும், தனி சப்-வூஃபர் தடம் போய்விடும். 2000 அடி ரீல் நிமிடத்துக்கு 90 அடி வீதம் சுமார் 22 நிமிடம் ஓடும். அதன் தலையிலும் வாலிலும்தான் தூசியும் கீறலும் அதிகம் சேரும். ரீல் மாறும் இடங்களில் நீங்கள் இதைக் கவனித்திருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். பிரிண்ட் முழுக்க விட்டுவிட்டு வந்தால் சந்தேகப்பட வேண்டியது ஃபிலிமிலிருந்து தடத்தைப் படிக்கும் ரீடரை: லென்ஸில் தூசி, மங்கிய விளக்கு, சரியாகக் குவியாத ஃபோகஸ். டால்பி கருவி பிழை அளவை எண்ணாகக் காட்டும். எண் கூடக்கூட ஆபத்து, எஃப் என்று வந்தால் அனலாக்குக்குப் போய்விட்டது என்று பொருள். பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு லென்ஸைத் துடைத்தாலே எண் இறங்குவதுண்டு.

ஆனால் மாறுவது காதில் அடிப்பதற்குக் காரணம் டிஜிட்டல் அல்ல, கவனிக்காமல் விட்ட அனலாக். டி.டி.எஸ். போட்டாயிற்றே என்று அனலாக் ரீடரைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். தடத்தின்மேல் ஒளி விழும் மெல்லிய பிளவு கொஞ்சம் சாய்ந்தாலே உச்ச அலைவரிசைகள் போய்விடும். டால்பி டோன் என்ற சோதனை ஃபிலிமை ஓட்டி இரண்டு சேனலின் அளவையும் சமன்செய்து, பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சல்) ஃபிலிமை ஓட்டிப் பிளவை நேராக்கிவிட்டால், நல்ல பிரிண்டில் எப்போது மாறியது என்று பலருக்குத் தெரியவே தெரியாது.

எது உசத்தி என்ற கேள்விக்கும் இதில்தான் என் பதில் இருக்கிறது. 882, 320 என்ற எண்களை அருகருகே வைத்துத் தீர்ப்பு எழுதுவது தவறு. இரண்டும் சுருக்கும் விதமே வேறு. டால்பியின் முறை காதுக்கு மறைந்துபோகும் ஒலிகளைக் கணக்கிட்டுக் கழிப்பது. டி.டி.எஸ். பயன்படுத்திய ஆப்ட்-எக்ஸ் அலைவரிசையை நான்காகப் பிரித்து வித்தியாசங்களை மட்டும் எழுதுவது. மூன்றில் எதுவானாலும் அரங்கத்தின் குறையை மூடாது. திரைக்குப் பின்னால் ஒவ்வொரு சேனலும் 85 டெசிபெல், சரவுண்ட் பக்கத்துக்கு 82, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 7-இல், அளக்கும் மைக் அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு பின்னால். இப்படி அளந்து வைத்த அரங்கில் அனலாக் ஓடினால்கூட, அளக்காத டி.டி.எஸ். அரங்கைவிட நான் அங்கேதான் டிக்கெட் எடுப்பேன்.

தமிழ்நாட்டில் டி.டி.எஸ். பரவியதற்குக் காரணம் விலையும் உறுதியும். இருக்கும் புரொஜெக்டரின் மேல் சிறு ரீடரைப் பொருத்தினால் போதும். ஊர் ஊராகச் சுற்றி அடிபட்ட பிரிண்டிலும் அந்தக் கோடு தாக்குப்பிடிக்கும். 'ஏ/சி டி.டி.எஸ்.' என்பது நல்ல தியேட்டருக்கான பொதுப்பெயராகவே ஆகிப்போனது.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்ததா? அடித்திருந்தால் அவை அசிட்டேட் ஃபிலிம்கள், சிதையத் தொடங்கிவிட்டன. மூடிய தகரத்துக்குள் அந்த ஆவி மற்றத் துண்டுகளையும் கெடுக்கும். வாடை அடிப்பவற்றை இன்றே பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் காகித உறையில் போட்டு, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிஸ்கட் டப்பா வேண்டாம்.