மெதுவாக ஓடுபவருக்கும் அதே 42 கிலோமீட்டர்தான்!

ஓடலாம் வாங்க: வாசகர் கேள்வி பதில்

எனக்கு 43 வயது. வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள். போன வருடம் ஹாஃப் மாரத்தானை (21 கிலோமீட்டர்) 3 மணி 5 நிமிடத்தில் முடித்தேன். வரும் ஜனவரியில் சென்னையில் ஃபுல் ஓடப் பெயர் கொடுத்துவிட்டேன். 7 மணி நேரம்தான் கெடு. எங்கள் குழுவில் ஒருவர், "பாதி தூரம் நடக்கத்தானே போறீங்க, அதுக்கு எதுக்கு மாரத்தான்?" என்று கேட்கிறார். என்னால் முடியுமா, இல்லை அடுத்த வருடம் பார்க்கலாமா?
(வாசகி, தாம்பரம்)

முடியும். இந்த வருடமே ஓடுங்கள்.

முதலில் கணக்கு. ஹாஃபில் உங்கள் வேகம் ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 46 விநாடி. அதே வேகத்தில் 42.195 கிலோமீட்டரும் போனால் 6 மணி 10 நிமிடம் ஆகும். ஆனால் யாருக்கும் அப்படி அமையாது, இரண்டாம் பாதி எப்படியும் இழுக்கும். இன்னும் 20 முதல் 40 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆறரை மணி நேரத்துக்கு மேல், ஏழுக்குள் வந்துவிடுவீர்கள். கெடுவுக்குத் தேவை ஒரு கிலோமீட்டரை 10 நிமிடத்துக்குச் சற்று முன்பே முடிக்கும் வேகம். கையில் இருக்கும் உபரி நேரம் கொஞ்சம்தான், கழிப்பறை வரிசையிலேயே அதில் பாதி போய்விடலாம், அதனால் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் அந்த நடை விஷயம். அமெரிக்காவின் ஜெஃப் காலோவே 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். ஓட்டமும் நடையுமாகக் கலந்து மாரத்தானை முடிக்கும் முறையைப் பல்லாயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். முறை எளிது: சோர்ந்த பிறகு நடக்கக் கூடாது, சோர்வு வருவதற்கு முன்பே நடக்க வேண்டும். 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே வையுங்கள். ஓடும்போது கிலோமீட்டருக்கு 8 நிமிட வேகம், நடக்கும்போது 11 நிமிட வேகம் இருந்தால் சராசரி 8 நிமிடம் 48 விநாடி வரும். அதாவது இடையிடையே நடந்துகொண்டே உங்கள் ஹாஃப் வேகத்தை ஏறக்குறைய எட்டிவிடலாம். முதல் 5 கிலோமீட்டரில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். அந்த நேரத்தில் நடை இடைவெளியை விட்டுவிட்டு அவர்களோடு ஓடியவர்களைத்தான் 30-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு சாலையோரத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பார்க்கிறேன், ஒவ்வொரு வருடமும்.

உங்கள் குழு நண்பர் ஒன்றை யோசிக்கவில்லை. அதிகாலை 4 மணிக்குத் தொடங்கும் ஓட்டம் என்று வையுங்கள். மூன்றரை மணி நேரத்தில் முடிப்பவர் ஏழரைக்கெல்லாம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஜனவரியில் சென்னையில் சூரியன் ஆறரை மணி வாக்கில் எழும், ஆக அவர் வெயிலில் இருப்பது ஒரு மணி நேரம்தான். நீங்கள் முடிக்கும்போது பத்தரையைத் தாண்டியிருக்கும், நான்கு மணி நேரம் வெயிலில் இருந்திருப்பீர்கள். காலடிகளின் எண்ணிக்கையும் உங்களுக்குத்தான் அதிகம். சாப்பாடு, தண்ணீர், உப்பு, உராய்வு, செருப்புக்கடி மாதிரி வரும் கொப்புளம் என்று எல்லாவற்றையும் அவரைவிட இரண்டு மடங்கு நேரம் சமாளிக்க வேண்டியவர் நீங்கள். ஆகவே மெதுவாக ஓடுபவர் கூடுதலாகத் தயாராக வேண்டும், குறைவாக அல்ல. வேகமாக ஓடுபவர்களுக்கு எழுதிய பயிற்சி அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால், பயிற்சியைக் கூட்டும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும், பதக்கமெல்லாம் அப்புறம்.

அட்டவணையில் 32 கிலோமீட்டர் லாங் ரன் (நீண்ட பயிற்சி ஓட்டம்) போட்டிருக்கிறார்கள். என் வேகத்துக்கு அது 5 மணி நேரம் ஆகும். கட்டாயமா?
(வாசகர், கோவை)

கட்டாயமில்லை. 32 என்பது 3 மணி நேரத்துக்குள் அந்தத் தூரத்தை முடிப்பவர்களுக்கு வசதியான எண். உங்களைப் போன்றவர்கள் கிலோமீட்டரை விட்டுவிட்டு நேரத்தை வைத்துக்கொள்வது நல்லது. மிக நீளமான ஓட்டம் நான்கு, அதிகம் போனால் நான்கரை மணி நேரம், 26 முதல் 29 கிலோமீட்டர் வரும். அதற்கு மேல் போனால் கிடைக்கும் பலன் கொஞ்சம், காயத்துக்கான வாய்ப்பு நிறைய, அடுத்த வாரப் பயிற்சியும் கெடும். வேண்டுமானால் சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம், ஞாயிறு மூன்று மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள், களைத்த காலோடு ஓடும் பழக்கம் அதில் வந்துவிடும். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறையுங்கள். கடைசி பெரிய ஓட்டம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே முடிந்துவிட வேண்டும்.

இன்னொன்று, ஜனவரிப் பந்தயத்துக்கான பெரிய ஓட்டங்கள் எல்லாம் சரியாக வடகிழக்குப் பருவமழையில் வந்து மாட்டும். தூறலில் தாராளமாக ஓடலாம், தண்ணீர் தேங்கிய சாலையில் ஓடாதீர்கள், குழியும் தெரியாது, மூடாத சாக்கடையும் தெரியாது. இரண்டு ஞாயிறு மழையில் போகும் என்று முன்கூட்டியே அட்டவணையில் இடம் விட்டுவிடுங்கள்.

பயிற்சியில் 2 மணி நேரம் தாண்டினாலே தலை வலிக்கிறது. "தண்ணி நல்லா குடி, ஒரு டேபிளையும் விடாதே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு டம்ளர் குடிக்கலாமா?
(வாசகர், மதுரை)

தயவுசெய்து வேண்டாம். இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீர் குறைந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. வியர்வையில் போவதைவிட அதிகமாகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள், 2005-இல் முடிவு வெளியானது. 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டம் முடிந்தபோது எடை கூடியிருந்தவர்கள், 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள் ஆகியோரிடம்தான் இது அதிகம். காரணம் புரிகிறதா? வேகமாக ஓடுபவருக்குக் குடிக்க நேரமே கிடைப்பதில்லை. நமக்கு ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று நிதானமாகக் குடிக்க நேரம் இருக்கிறது, தன்னார்வலர்களும் அன்போடு நீட்டிக்கொண்டே இருப்பார்கள்.

என்ன செய்யலாம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடும் முன் எடை பாருங்கள், ஒரு மணி நேரம் எதுவும் குடிக்காமல் ஓடிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. பந்தயத்தில் குடிப்பது அந்த அளவைத் தாண்டவே கூடாது, குறைவாக இருந்தால் பரவாயில்லை, தாகத்துக்குக் குடித்தாலே போதும். இடையில் உப்புச் சேர்ந்த பானம் நல்லது. ஓஆர்எஸ் வாங்கினால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும், கெட்டியாகக் கலந்தால் வயிற்றைப் புரட்டும். ஆனால் உப்பு சேர்த்துக்கொண்டோம் என்பதற்காகத் தண்ணீரை அளவில்லாமல் குடித்துவிட முடியாது.

விரல் வீங்குவது, மோதிரமும் வாட்ச் பட்டையும் இறுகுவது, குமட்டல், தலைவலி, பேச்சில் குழப்பம் இதெல்லாம் அறிகுறிகள். தண்ணீர் வற்றியவருக்கும் தலைவலியும் குமட்டலும் வரும் என்பதுதான் சிக்கல், தெரியாதவர்கள் இன்னும் இரண்டு பாட்டிலை வாயில் ஊற்றிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவ முகாமுக்குப் போங்கள். வெயிலுக்கு, தண்ணீரைத் தலையிலும் பிடரியிலும் ஊற்றிக்கொள்ளுங்கள், தொப்பியை நனையுங்கள், ஷூ நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நனைந்த சாக்ஸோடு 20 கிலோமீட்டர் போனால் பாதம் முழுக்கக் கொப்புளம்.

உங்கள் தலைவலி பயிற்சிக்குப் பயிற்சி வருகிறது என்றால் அதைத் தனியாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.

30 கிலோமீட்டருக்கு மேல் சுவரில் மோதியது போல நின்றுவிடும் என்கிறார்களே? கடலை மிட்டாய் எடுத்துப் போனால் போதுமா?
(வாசகி, திருச்சி)

தசையிலும் கல்லீரலிலும் நம்மிடம் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் (உடல் சேர்த்துவைக்கும் மாவுச்சத்து) சுமார் 2000 கலோரி, அது தீரும்போதுதான் அந்தச் சுவர். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குத் தோராயமாக ஒரு கலோரி செலவு, 65 கிலோ உள்ளவருக்கு மொத்தம் 2700-ஐத் தாண்டும். கொழுப்பும் எரியும்தான், ஆனாலும் வழியில் சாப்பிடாமல் தீராது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்திலோ ஓட்டக்காரர்களுக்கான ஒரு சர்க்கரை ஜெல் பாக்கெட்டிலோ 25 கிராம் வாக்கில் கிடைக்கும், நான்கைந்து பேரீச்சையும் சரி. முதல் 45 நிமிடத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள், பசிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடலை மிட்டாய் எனக்குப் பிடிக்கும், ஆனால் கொழுப்பு அதிகம், உலர்ந்த வாயில் மெல்லவும் வராது, ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் லாங் ரன்னில் சாப்பிட்டுப் பழகாததைப் பந்தயத்தன்று தொடாதீர்கள்.

முட்டி வலிக்கு முன்னாடியே ஒரு ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடலாமா?
(வாசகர், சேலம்)

கூடாது. வெயில், நீரிழப்பு, இந்த வகை வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் அடி வாங்குவது சிறுநீரகம். நடையே மாறும் அளவுக்கு வலித்தால் அன்று ஓடவும் கூடாது.

கடைசி ஆளாக வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. போய்ச் சேரும்போது எல்லாவற்றையும் கழற்றி வைத்திருப்பார்களோ?
(வாசகர், ஆவடி)

பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஃபௌஜா சிங் தன் முதல் மாரத்தானை 2000-இல் லண்டனில் ஓடினார், பாஸ்போர்ட்படி அப்போது அவருக்கு 89 வயது. எடுத்துக்கொண்ட நேரம் 6 மணி 54 நிமிடம். கடைசி ஆளாக வருவேனோ என்று நீங்கள் பயப்படுவதும் ஏறக்குறைய அந்த நேரத்துக்குத்தான். ஹவாயில் நடக்கும் ஹோனலூலு மாரத்தானில் நேரக்கெடு என்பதே இல்லை, கடைசி ஆள் வரும்வரை முடிவுக் கோடு திறந்திருக்கும். நம் ஊர்ப் போட்டிகளில் பெரும்பாலும் கெடு உண்டு. மொத்த நேரம் மட்டுமில்லாமல், இடையில் இன்ன கிலோமீட்டரை இத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும் என்றும் வைத்திருப்பார்கள். விதிமுறைகளைப் படித்து, அந்த நேரங்களைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். கெடு எப்போதிலிருந்து ஓடுகிறது என்பதையும் பாருங்கள்: சில இடங்களில் உங்கள் நேரத்தைப் பதியும் சிப் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து, சில இடங்களில் துப்பாக்கி வெடித்ததிலிருந்து. இரண்டாவது என்றால் கூட்டத்தின் வாலில் நின்று ஐந்து நிமிடத்தை இழக்காதீர்கள்.

கடைசிப் பத்து கிலோமீட்டரில் மேசைகள் காலியாக இருக்கலாம் என்று எதிர்பார்த்தே போங்கள். இடுப்புப் பையில் ஒரு சிறு பாட்டில், இரண்டு ஜெல், ஐம்பது ரூபாய், போன். தொடையிடுக்கிலும் அக்குளிலும் வாசலின் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள், பாதியில் மறுபடி தடவ ஒரு சின்ன டப்பாவும் இருக்கட்டும். வீட்டில் யாரையாவது 35-ஆவது கிலோமீட்டர் பக்கம் வந்து நிற்கச் சொல்லுங்கள், முடிவுக் கோட்டில் நிற்பதைவிட அங்கே நிற்பதுதான் உதவி.